பச்சையாயிருச்சு சரி, சதுப்பாயிருச்சா?

போன மாசம் நம்ம கேமரன் மலையில ரிங்லெட் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துக்கு (தொழிலாளிங்க வீட்டு வரிசைக்கு) பின்னால இருக்கிற பள்ளத்த பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு காலத்துல முழங்கால் வரைக்கும் சேறு, அப்புறம் கான் (வடிகால்) வெட்டி தண்ணிய எறக்கி முட்டகோஸ் போட்டாங்க, பிறகு அதையும் போட்டது போட்டபடி விட்டுட்டு போயிட்டாங்க, இப்ப ரெண்டு வருஷமா லயத்து பிள்ளைங்க மேனேஜர்கிட்ட கேட்டுகிட்டு கான மறிச்சு மறுபடி தண்ணிய தேக்கிட்டு இருக்காங்கன்னு. அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் எண்ணி மாளல. அதனால ரோஜாவுக்கு வெள்ளப்பூச்சி, தக்காளிக்கு சுண்ணாம்பு எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இந்த மாசம் பூரா சேறுதான்.

அங்கிள், நான் அந்த லயத்துலயே பொறந்து வளந்தவ. கான மறிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, பள்ளம் பூரா கோரை மண்டி பச்சப்பசேல்னு கெடக்கு, ராத்திரியில தவள சத்தம் தூங்க விடல. எங்க பாட்டி சொன்ன பழைய சதுப்பு திரும்பி வந்துருச்சுன்னு வச்சுக்கலாமா?
– ரிங்லெட் வாசகி

தண்ணி வந்துருச்சு, செடி வந்துகிட்டு இருக்கு, மண்ணு இன்னும் வரலம்மா. மூணும் கைகோத்துகிட்டு ஒண்ணா வராது, கல்யாண வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி முன்னப்பின்னதான் வரும், அதுல மண்ணு எப்பவும் கடைசி பஸ்ஸு.

உங்க கடுதாசிய படிச்சிட்டு போன சனிக்கிழமை காலையில பசியாறிட்டு சங்கோல (மம்பட்டிய) தூக்கிகிட்டு நானே அங்க போனேன். கோரை நல்லா அடந்த எடமா பாத்து ஒரு முழம் ஆழத்துக்கு சதுரமா ஒரு குழி. மேல ரெண்டு விரக்கட்டைக்கு கருப்பா, வேரு பின்னிகிட்டு, அமுக்கினா ஸ்பான்ச் மாதிரி உள்ள போயி வெளிய வருது, அதுதான் இந்த ரெண்டு வருஷத்து சம்பாத்தியம். அதுக்கு கீழ பழைய காய்கறி மண்ணு, பழுப்பா, காப்பித்தூள் மாதிரி பொலபொலன்னு, அதுக்குள்ள இருந்து கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டு ஒரு துண்டு வேற கிழிஞ்சு வந்துச்சு. இன்னும் கீழ போனா சாம்பக் கலர்ல களி, அந்த சாம்பலுக்கு நடுவுல வேரு போன தடத்த ஒட்டி ஒட்டி துருப்பிடிச்ச கம்பி மாதிரி ஆரஞ்சு கோடு. குழியில மூக்க வச்சா லேசா அழுகின முட்ட நாத்தம். என் வீட்டுக்காரிக்கு அந்த சட்டைய தொவைக்க மனசில்ல, அது வேற கத.

இந்த கலர்தான் மண்ணோட பாஸ்புக்கு. நம்ம மலை கருங்கல் மல, கருங்கல்லு கரைஞ்சு வந்த மண்ணுல இரும்பு இருக்கு, காத்து பட்டா அந்த இரும்பு துருவாகி மண்ணு செம்பழுப்பா நிக்கும், தேயில மேட்டுல பாக்குறோமே அது. வருஷம் பூரா தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து தீந்து போகும், அப்ப அங்க இருக்கிற கிருமிங்க மூச்சு விட ஆக்ஸிஜன் இல்லாம இரும்பு மேல கைய வைக்கும், இரும்பு கலர் போயி தண்ணியில கரைஞ்சு நழுவிரும், மிச்சம் சாம்பல். அதுவும் பத்தாதப்ப சல்பேட்டுல கைய வைக்கும், அப்ப வர்றதுதான் முட்ட நாத்தம். ஆரஞ்சு கோடு என்னன்னா, தண்ணியில வளர்ற செடிங்களுக்கு தண்டுலயும் வேருலயும் காத்துக் குழாய் இருக்கு, கங்கோங் கீரைத் தண்ட ஒடிச்சு பாருங்க உள்ள வெத்துக் குழாய், அந்த மாதிரி குழாய் வழியா மேல இருந்து எறங்குற காத்து வேரச் சுத்தி கொஞ்சம் கசியும், கசியிற எடத்துல மட்டும் இரும்பு மறுபடி துருப்பிடிக்கும். ஆக சாம்பலும் கோடும் நாத்தமும் இருக்குன்னா கீழ தண்ணி நல்லா தங்குது, மேல செடி உயிரோட இருக்குன்னு அர்த்தம். நல்ல சேதிதான்.

கெட்ட சேதி நடுவுல இருக்கிற அந்த காப்பித்தூள். பழைய சதுப்புல அங்க பீட் மண்ணு இருந்திருக்கும், மலாய்ல தானா காம்புட்னு சொல்றோமே அது, செத்த செடி மக்காம தண்ணிக்குள்ளயே ஊறுகாய் மாதிரி அடுக்கடுக்கா சேந்தது. அது வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் ஒசரும். ஒரு சாண் சேரணும்னா 200 வருஷத்துக்கு மேல. கான் வெட்டி தண்ணி எறங்கினதும் காத்து உள்ள போகும், காத்து போனா கிருமிங்களுக்கு விருந்து, அத்தனை வருஷ சேமிப்பும் கரியமில வாயுவா பறந்து போகும், மிச்சம் இருக்கிறது சுருங்கி கெட்டியாகி அப்புறம் தண்ணிய குடிக்கவே மாட்டேங்கும். நம்பலன்னா கடலோரம் காம்புட்ல போட்ட செம்பனைய பாருங்க, மண்ணு கீழ எறங்கி வேரு வெளிய தெரிஞ்சு மரம் குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்கும்.

இதயும் சொல்லிடுறேன். அந்த பள்ளத்துல ஓடுற கான்ல பாதி நான் எஸ்டேட்ல கண்டக்டரா (வேலைய மேற்பாக்குறவரா) இருந்தப்ப பக்கத்துல நின்னு வெட்ட வச்சது. வெட்டினவங்கள்ல உங்க தாத்தாவும் இருந்திருக்கலாம். அப்ப எங்களுக்கு தண்ணி நின்னா அது வீணாப்போன நிலம், அவ்வளவுதான் தெரியும்.

அண்ணே, மறிச்சு வச்ச கான்ல தண்ணி மேல எண்ணெய் ஊத்தின மாதிரி வானவில் கலர்ல படலம் மெதக்குது, ஓரத்துல ஆரஞ்சு கலர்ல கொழகொழன்னு. மேல எவனோ லோரி எண்ணெய ஊத்திட்டான்னு லயத்துல ஒரே சண்ட.
– ஹாபு வாசகர்

சண்டைய நிறுத்துங்க, ஒரு குச்சி எடுங்க. படலத்த குச்சியால குத்தி விடுங்க. ஒடஞ்ச கண்ணாடி மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நின்னா அது இரும்பு தின்னுற பாக்டீரியாவோட வேல, எண்ணெய் இல்ல. குத்தினதும் சுழண்டு வந்து மறுபடி ஒண்ணா கூடிருச்சுன்னா அதுதான் எண்ணெய், அப்ப லோரிக்காரன தேடலாம். ஆரஞ்சு கொழகொழப்பும் அதே இரும்புதான், மண்ணுக்குள்ள கரைஞ்ச இரும்பு வெளிய வந்து காத்து பட்டதும் துருவாயிடுது. வெசம் இல்ல. ஆனா அந்த தண்ணியில வெள்ளச் சட்டைய தொவைக்காதீங்க, கறை போகவே போகாது.

சார், நான் பாரம் சிக்ஸ் படிக்கிறேன். அந்த பள்ளத்த வச்சு ஒரு புரோஜெக் செய்யலாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க, ஸ்கூல்ல பெரிய லேப் வசதி இல்ல. மண்ணு, செடி, தண்ணி மூணயும் எப்படி அளக்கிறது, காசு அதிகம் செலவழிக்காம?
– தானா ராத்தா மாணவர்

இந்த கேள்விக்காகவே இந்த மாசம் எழுதலாம் தம்பி.

மொதல்ல தண்ணி. ஒண்ணர இஞ்சி பிவிசி பைப்பு ஒரு மீட்டர் வாங்கு, அடிப்பக்கம் முக்காவாசிக்கு டிரில்ல சின்ன சின்ன ஓட்ட போடு, அம்மாவோட பழைய ஸ்டாக்கிங் இருந்தா அத சுத்தி ரப்பர் பேண்டு போடு, சேறு உள்ள வராது. தரையில நட்டு மேல ஒரு மூடி. இந்த மாதிரி மூணு: ஒண்ணு நடுப்பள்ளத்துல, ஒண்ணு கான் ஓரத்துல, ஒண்ணு மேட்டுல தேயிலைக்கு பக்கத்துல. வாரம் ஒரு நாள் ஒரே கிழமையில போயி குச்சி விட்டு தண்ணி தரையில இருந்து எத்தன சென்டிமீட்டர் கீழ நிக்குதுன்னு நோட்டுல எழுது, அன்னைக்கு மழையா வெயிலான்னும் எழுது. சதுப்புன்னு பேரு சொல்லணும்னா வருஷத்துல பெரும்பாலான நாள் தண்ணி தரை மட்டத்த ஒட்டியே நிக்கணும். ஒரு நாள் அளந்தா அது வெறும் போட்டோ, ஒரு வருஷம் அளந்தாத்தான் கத தெரியும். புரோஜெக்குக்கு அவ்வளவு நேரம் இருக்காது, தெரியும், இருந்தாலும் மழ காலத்துலயும் காஞ்ச மாசத்துலயும் அளந்துரு.

அடுத்து தண்ணியோட கலர். கண்ணாடி போத்தல்ல பிடிச்சு வெள்ள பேப்பருக்கு முன்னால வை. தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) மாதிரி தெளிவான பழுப்பா இருந்தா அது மக்கின செடியோட சாறு, சதுப்புக்கு அது இயல்பு, அழுக்குன்னு நெனைக்காத. தே தாரிக் (பால் தேத்தண்ணி) மாதிரி கலங்கலா இருந்தா அது மேல எங்கயோ வெட்டி விட்ட மண்ணு. ஒரு மணி நேரம் அசையாம வச்சா தே தாரிக் அடியில மண்ணு தங்கும், தே ஓ அப்படியே நிக்கும். இந்த ஒரு சோதனைய வச்சே எங்க மண்ணரிப்பு, எங்க சதுப்புன்னு பாதி சொல்லிரலாம். பிஎச் பேப்பர் (தண்ணியோட புளிப்ப காட்டுறது, நம்பர் கொறஞ்சா புளிப்பு அதிகம்) ஒரு பாக்கெட் வாங்கிக்க. மழத்தண்ணிய மட்டுமே நம்பி இருக்கிற பாசி சதுப்புல 4 பக்கம் நிக்கும், ஊத்துத் தண்ணி வந்து சேர்ற சதுப்புல அஞ்சரைக்கு மேல வரலாம். பழைய காய்கறி நிலத்துல சுண்ணாம்பு போட்டிருப்பாங்க, அதனால கூடுதலா காட்டினா பேப்பர் கெட்டுப்போச்சுன்னு தூக்கி போடாத.

மண்ணுக்கு ஒரு கண்டென்ஸ்டு மில்க் டின்னு. ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துட்டு வெறும் வளையமா மண்ணுல நேரா அமுக்கி, கத்தியால சுத்தி அறுத்து, நசுக்காம தூக்கு. நசுக்கினா அளவு போச்சு. வெட்டுறதுக்கு முன்னாடியே அந்த டின்னு எத்தன மில்லி தண்ணி பிடிக்குதுன்னு பாத்து வச்சுக்க, அதுதான் உன் கன அளவு. எடுத்த மண்ண ஈரத்தோட நிறுத்து, அப்புறம் ஓவன்ல 105 டிகிரியில எடை கொறையிறது நிக்கிற வரைக்கும் காய வச்சு மறுபடி நிறுத்து. காஞ்ச எடைய கன அளவால வகுத்தா எவ்வளவு கெட்டி மண்ணுன்னு தெரியும். சாதாரண களிமண்ணு, மணல் மண்ணு ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வரும், நல்ல பீட் 0.1, 0.2 கிராம்தான், கையில எடுத்தா பஞ்சு. அந்த காப்பித்தூள் அடுக்கு ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும், எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சு எனக்கும் அனுப்பு, உண்மையாவே தெரிஞ்சுக்க ஆச.

காசே இல்லாம ஒண்ணு செய்யலாம். பீட் மாதிரி இருக்கிற மண்ண ஒரு கைப்பிடி எடுத்து புழி. விரலுக்கு நடுவுல தெளிஞ்ச தண்ணி வந்தா இன்னும் மக்கல, கலங்கின பழுப்புத் தண்ணி வந்தா பாதி மக்கிருச்சு, மண்ணே கூழா விரலிடுக்குல வழிஞ்சு போயி கையில ஒண்ணும் மிஞ்சலன்னா முழுசா மக்கிருச்சு. ஸ்வீடன்ல வான் போஸ்ட்னு ஒரு ஆளு 1920கள்ல இதுக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் படி போட்டு வச்சாரு, இன்னிக்கும் உலகம் பூரா சேத்துல நிக்கிற விஞ்ஞானிங்க இப்படித்தான் கையில புழிஞ்சு நம்பர் எழுதுறாங்க.

செடிக்கு ஒரு மீட்டர் சதுரமா கயிறு கட்டி உள்ள என்ன எத்தன பங்குன்னு எண்ணு. பேரு தெரியலன்னா அ, ஆ, இன்னு போட்டுட்டு போட்டோ எடுத்துக்க. லாலாங் புல்லு எங்க நிக்குதோ அது இன்னும் காஞ்ச எடம்னு எடுத்துக்கலாம், அதுக்கு கால் நனஞ்சுகிட்டே இருந்தா ஆகாது. கோரை, பாக்கு (பெரணிக் கீரை), கெலாடி (சேம்பு) நிக்கிற எடம் ஈரம். உன் மூணு பைப்பு கணக்கும் இதுவும் ஒத்துப்போகுதான்னு பாரு, ஒத்துப்போகாத எடத்துலதான் உனக்கு மார்க்கு.

எங்க பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருந்து அந்த பள்ளத்துல கோத்தோங் ரோயோங் (ஊர் கூடி செய்யிற வேல) வச்சு 500 மரக்கன்னு நடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். என்ன மரம் நல்லது?
– கம்போங் ராஜா வாசகர்

நடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, 500 கன்னு, 200 பேரு, 400 பூட்ஸு, ஒரு காலையில அந்த ரெண்டு விரக்கட்ட ஸ்பான்ச் மிதிபட்டு செங்கல்லாயிரும். போட்டோ நல்லா வரும், அது சரி.

தண்ணி மட்டம் சரியா நின்னா அந்த எடத்துக்கு வேண்டிய செடி தானா வரும், மண்ணுக்குள்ள பழைய வெத தூங்கிகிட்டு இருக்கும், மிச்சத்த குருவியும் காத்தும் கொண்டு வரும். தண்ணி நிக்கலன்னா நீங்க நட்டது அத்தனையும் தண்டம். அதனால உங்க 200 பேரையும் கான் பக்கம் அனுப்புங்க. இப்ப பிள்ளைங்க அரிசிச் சாக்குல மண்ண ரொப்பி மறிச்சிருக்காங்க, வெயில் பட்டு சாக்கு கிழியுது, போன மழையில ரெண்டு ஒடஞ்சு போச்சு. ஒரே பெரிய மறிப்பா வைக்காம படிக்கட்டு மாதிரி நெறைய சின்ன மறிப்பு வைக்கணும், ஒரு மறிப்புக்கும் அடுத்ததுக்கும் தண்ணி மட்டம் ஒரு சாணுக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது, வந்தா தண்ணி வேகம் எடுத்து ஓரத்த அரிச்சுகிட்டு சுத்திப் போயிரும். ஆஸ்திரேலியா மலையில 2003 ஜனவரி காட்டுத்தீயில பாசி சதுப்பு கருகினப்ப அங்க தண்ணி ஓடுற எடத்துல குறுக்க போட்டது என்ன தெரியுமா, தேங்காய் நாருல செஞ்ச உருளை! தண்ணிய நிறுத்தும், மண்ண பிடிக்கும், கொஞ்ச வருஷத்துல தானே மக்கிரும். தேங்காய் நாருக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம்.

மரம்தான் வேணும்னா வட சிலாங்கூர்ல ராஜா மூசா காட்டுப் பக்கம் போய் பாருங்க, அது தரையில இருக்கிற காம்புட் காடு, எரிஞ்சு போன எடத்துல 2008ல இருந்து பொதுமக்கள கூட்டிட்டு போயி நட்டுட்டு வர்றாங்க, மாஹாங், தெங்கெக் புரோங் மாதிரி வெயில் தாங்குற மரமா. அங்கயும் கால்வாய மறிச்சு தண்ணிய ஒசத்துற வேலையோட சேத்துதான் நடவு.

இன்னொண்ணு, கொளத்துக்கு அழகா இருக்கும்னு ஊதாப்பூ பூக்கிற ஆகாயத்தாமரைய யாரும் கொண்டு வந்து விட்டுறாதீங்க, கையெடுத்து கும்பிடுறேன்.

மேல இருந்த சதுப்பெல்லாம் அழிக்காம விட்டிருந்தா 2013 வெள்ளம் வந்திருக்காதுன்னு எங்க வீட்ல ஒரு பேச்சு ஓடுது. நெஜமா?
– பெர்த்தாம் வேலி வாசகி

2013 அக்டோபர் 23 ராத்திரிய நம்ம ஊர்ல யாரும் மறக்கல, உயிரப் பறிகொடுத்த குடும்பங்க இருக்கு, அதனால வாய்க்கு வந்தத சொல்ல மாட்டேன். சதுப்பு ஸ்பான்ச் மாதிரி, மழைய குடிச்சிட்டு மெதுவா விடும்னு எல்லாரும் எழுதுறாங்க, நானும் எழுதியிருக்கேன், அதுல பாதிதான் சரி. காஞ்சிருக்கிற ஸ்பான்ச்தான் குடிக்கும். ஒரு வாரம் மழ பேஞ்சு ஏற்கெனவே ரொம்பி நிக்கிற சதுப்பு மேல இன்னொரு மழ கொட்டினா அது சிமெண்டு தரை மாதிரிதான், விழுந்த தண்ணி அப்படியே வழிஞ்சு கீழ போகும். பெரிய வெள்ளத்த ஒரு பள்ளம் தடுத்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா மண்ணு விஷயத்துல சதுப்போட பங்கு நெறைய. ரிங்லெட் ஏரிக்கு அணை 1963ல கட்டி முடிச்சாங்க, மேல காடு வெட்டி மேடு செதுக்கி வந்த மண்ணு அந்த ஏரியில சேந்து சேந்து தண்ணி பிடிக்கிற எடமே கொறஞ்சு போச்சு, தோண்டி எடுத்து எடுத்து மாளல. ஓடை ஓரத்துல கோரை அடந்த ஈர நிலம் இருந்தா தே தாரிக் தண்ணி அதுக்குள்ள நொழையும்போது வேகம் கொறஞ்சு மண்ண எறக்கி வச்சிட்டு போகும். உரத்துல வர்ற நைட்ரேட்டையும் அந்த காத்தில்லாத சேத்துக் கிருமிங்க பிரிச்சு நைட்ரஜனா ஆகாசத்துக்கு அனுப்பிரும்.

பாஸ்பரஸ் விஷயம் தலகீழ், அத மறைக்க கூடாது. வருஷக்கணக்கா கோழி எருவும் உரமும் போட்ட நிலத்துல பாஸ்பரஸ் இரும்போட ஒட்டிகிட்டு இருக்கும். மறுபடி தண்ணி கட்டினதும் இரும்பு கரையுது, ஒட்டினது விடுது, மொத சில வருஷம் தண்ணியில பச்சைப் பாசி நூல் நூலா படரும். நம்ம பள்ளத்துல கீழ்க்கோடியில அது இப்பவே இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவ கோரைய அறுத்து வெளிய கொண்டு போயி போட்டீங்கன்னா அதோட கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும். அறுத்தத அங்கயே விட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல.

மலையில சதுப்பா? சதுப்புன்னா எங்க ஊர் மாதிரி கடலோரம்தான இருக்கும்?
– தெலுக் இந்தான் வாசகர்

உங்க ஊர்ல தண்ணி போக எடம் இல்லாம நிக்குது, எங்க ஊர்ல தண்ணி போகப் போக வந்துகிட்டே இருக்கு. மலை இடுக்குல ஊத்து வெளிய வர்ற எடம், ரெண்டு மேட்டுக்கு நடுவுல தட்டையான பள்ளம், அங்க மழையும் மேகமும் அதிகம், வெயில் கம்மி, வர்ற தண்ணி காயிறதுக்குள்ள அடுத்தது வந்துரும். பிரிஞ்சாங் மல உச்சிப் பக்கம் பாசிக்காட்டுல நடந்தவங்களுக்கு தெரியும், கால் வச்சா மெத்த மாதிரி அமுங்கும், அங்க இருக்கிற ஸ்பாக்னம் பாசி அதோட காஞ்ச எடையப் போல 20 மடங்கு வரைக்கும் தண்ணி பிடிச்சு வைக்கும்.

உலகத்துல எத்தனையோ பெரிய ஊரு இந்த மாதிரி மல சதுப்ப நம்பி குடிக்குது. கொலம்பியாவுல போகோட்டா நகரத்துக்கு குடிதண்ணியில பெரும்பகுதி சிங்காசா மலப் புல்வெளி ஈரநிலத்துல இருந்து வருது. ஆப்பிரிக்காவுல லெசோத்தோன்னு ஒரு குட்டி மலநாடு, 1986ல தென்னாப்பிரிக்காவோட ஒப்பந்தம் போட்டு 185 மீட்டர் ஒசரமான காட்சே அணைய கட்டி ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக்கு தண்ணி விக்குது, அந்த ஆத்துக்கு தல எடம் மலைமேல இருக்கிற சின்ன சின்ன சதுப்புங்க. அங்க ஆடும் மாடும் அளவுக்கு மீறி மேஞ்சு, மண்ணு மிதிபட்டு கெட்டியாகி, எலி ஒண்ணு இருக்கு அது வேற வளை தோண்டி, மழ பேஞ்சா அந்த வளை வழியா பெரிய ஓடையா அறுத்துரும், ஓடை அறுத்தா பக்கத்துல இருக்கிற தண்ணி பூரா அதுக்குள்ள வடிஞ்சு, சதுப்பு செடி போயி காஞ்ச நிலத்துப் புதர் ஏறிரும். நம்ம ஆளு சங்கோல்ல வெட்டினத அங்க மாட்டுக் குளம்பு வெட்டுச்சு, முடிவு ஒண்ணுதான். சரி பண்றதும் அதே மாதிரி, கல்ல அடுக்கி ஓடைய மறிக்கிறாங்க, மேய்ச்சலுக்கு மொற வைக்கிறாங்க. கல்லு அடுக்குறது சுலபம், மேய்க்கிறவன சம்மதிக்க வைக்கிறதுதான் வேல.

நம்ம ஆளுங்களுக்கு தெரிஞ்ச எடம்னா நீலகிரி. அங்க சோலைக்கு நடுவுல இருந்த ஈரப்பள்ளத்துல எல்லாம் வெள்ளக்காரன் காலத்துல இருந்து தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் உருளைக்கிழங்கும் ஏறிருச்சு. தோடர்கள் கோயில் கூரை வேயிறதுக்குன்னே ஒரு சதுப்புப் புல்லு இருக்கு, நீலகிரி மேல்மலையில மட்டும்தான் வளரும், சதுப்பு சுருங்க சுருங்க கோயிலுக்கு புல்லு கெடைக்கிறதே பாடாயிருச்சு. கோத்தகிரி பக்கத்துல லாங்வுட் சோலைய 2024ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேத்தாங்க. நம்ம நாட்டுல அந்த பட்டியல்ல மொதல்ல போனது பகாங்ல தாசேக் பெரா, 1994ல, ஆனா அது மலையில இல்ல, கீழ தாழ்நிலத்துல.

கொசு வருமா வராதா, அத சொல்லுங்க மொதல்ல.
– ரிங்லெட், இன்னொரு வாசகி

டெங்கி கொசுவுக்கு உங்க பூத்தொட்டி தட்டும் வாசல்ல கெடக்கிற பழைய டயரும்தான் பிடிக்கும். சதுப்புல மீனு, தவளக்குஞ்சு, தட்டான் புழு எல்லாம் இருந்தா கொசுப்புழுவுக்கு பொழப்பு கஷ்டம். மறிப்புக்கு பக்கத்துல மாட்டுக் குளம்பு, பூட்ஸு தடம் மாதிரி சின்ன குட்டை தேங்கி நிக்குதான்னு பாத்து மூடுங்க, சாக்குல இருந்து கிழிஞ்ச பிளாஸ்டிக்க பொறுக்குங்க.

எனக்கு 71 வயசு. சின்ன வயசுல அந்த பள்ளத்துல எங்க எரும இடுப்பு வரைக்கும் மாட்டிகிட்டு லயத்து ஆம்பளைங்க எல்லாம் கயிறு கட்டி இழுத்தது ஞாபகம் இருக்கு. அந்த சதுப்ப நான் மறுபடி பாப்பனா?
– பீடோர் வாசகர், முன்னாள் ரிங்லெட்

ஐயா, நேராவே சொல்றேன். 2012ல உலகம் பூரா 621 சதுப்பு நிலத்து கணக்க ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. சீர்படுத்தி 100 வருஷம் ஆன பிறகும் செடி, உயிரினம் பக்கம் சராசரியா 26 சதவீதம் கொறச்சல், மண்ணுல கார்பன் சேர்ற மாதிரியான வேலையில 23 சதவீதம் கொறச்சல், தொடாத சதுப்போட ஒப்பிட்டா. 100 ஹெக்டருக்கு மேல பெருசா, வெப்பமான ஊர்ல இருந்தா கொஞ்சம் சீக்கிரம் தேறுது. நம்ம பள்ளம் ஒரு பந்து மைதானத்துல பாதிகூட இல்ல, ஊரும் குளிர். அதனால எரும இடுப்பு வரைக்கும் மாட்டுற ஆழத்த நீங்களும் பாக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன், கடுதாசி எழுதின அந்த பொண்ணோட பேரனும் பாக்க மாட்டான்.

கணுக்கால் வரைக்கும் இப்பவே போகுது. பஸ் ஏறி வாங்க, லயத்துக்கு பின்னால மூணாவது மறிப்பு பக்கம், என் சங்கோல் குழி இன்னும் மூடாமதான் இருக்கு, சாம்பக் களிய காட்டுறேன். நீங்க சொன்ன எரும கதையில ஒரு தகவல் எனக்கு தேவை, எந்த மூலையில மாட்டுச்சு? அந்த எடத்துலதான் பழைய பீட் ஆழமா இருந்திருக்கும், ஒருவேள கீழ கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இருக்கும். தம்பியோட நாலாவது பைப்ப அங்க நடச் சொல்லலாம்.

அங்கிள் அங்க பூச்சோக் பாக்கு தளதளன்னு வந்துருக்கு, பறிச்சு சம்பல் போடலாமா?
– அதே லயம், பேர் போட வேணாம்னு சொன்ன வாசகி

மேல் பக்கம் ஊத்து வர்ற எடத்துல பறிங்க, கீழ்க்கோடியில பாசி படந்த பக்கம் வேணாம், அங்க இன்னும் பழைய உரத்தோட கணக்கு தீரல, பக்கத்து கேபுன்ல (காய்கறித் தோட்டத்துல) மருந்து அடிக்கிற தண்ணியும் அந்த வழியாத்தான் வருது. கொழுந்து மட்டும் ஒடிங்க, வேரோட இழுக்காதீங்க. பூட்ஸ் போடாம எறங்காதீங்க, எலி இருக்கு, கெஞ்சிங் திக்குஸ் (எலி மூத்திரத்தால வர்ற) காய்ச்சல் வந்தா வெளையாட்டு இல்ல, கால்ல வெட்டு காயம் இருந்தா அன்னைக்கு போகவே வேணாம். நல்லா கழுவி கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டு அப்புறம் பெலாச்சான் (எறா விழுது). எங்க வீட்டுக்கும் ஒரு கட்டு.